கல்லுக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் மாடியில் புகை அலாம் கத்தினால் ஒருவரும் படிக்கட்டுக்கு ஓடுவதில்லை. ஒன்றில் என் மனிசி சம்பலுக்குச் செத்தல் மிளகாய் பொரிக்கிறா, இல்லாவிட்டால் எதிர்வீட்டு எத்தியோப்பியாக்காரி பச்சைக் கோப்பிக்கொட்டை வறுக்கிறா. எங்கள் பக்கம் கத்தினால் அவ துவாயோடு ஓடி வந்து அலாமுக்குக் கீழே நின்று புகை கலைய விசுக்குவா. அவவின் பக்கம் கத்தினால் எங்கள் துவாயோடு நான் ஓடுவேன். சிநேகிதம் தொடங்கியதே அப்படித்தான். ரொறன்ரோவில், டோர்செட் பார்க்கின் இந்தப் பழைய கட்டிடங்களில் அலாமை நிறுத்த ஓடினவர்கள்தான் ஒருவருக்கொருவர் சொந்தக்காரர் ஆகியிருக்கிறோம்.

"அலாம் அடிக்காத வீட்டில் சாப்பிடப் போகாதே, பிரதர்," என்பா அவ. நான் அவவைச் சிஸ்ரர் என்பேன். அவவுக்கும் என் வயதுதான். டவுன்ரவுணில் ஒரு கார்த் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் பல வருடம் வேலை செய்து ஓய்வு எடுத்தவ. அந்தக் கூட்டைப் பற்றிச் சொல்லும்போது, "முழு நகரமும் எனக்குக் கையை நீட்டியது, ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை," என்று சிரிப்பா.

இப்படி ஆட்களின் வாயில் விழுகிற கதைகளைப் பொறுக்கி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பெரிய படிப்பு இல்லை. பேசப் பழகியது கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று, பெரிய பேச்சாளர்களை வாய் பார்த்து. கனடாவில் ஒரு அப்பாட்மென்ற் கட்டிடத்தின் வாசலில் செக்யூரிட்டியாக இருந்தேன். இரவெல்லாம் பேசாமல் இருந்த அந்த வாய்க்கு, ஓய்வு பெற்ற பிறகு முதியோர் சங்கம் ஒரு மைக்கைக் கொடுத்தது. கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

என் மனிசிக்கு இங்கிலீஷ் கொஞ்சம். எதிர்வீட்டுக்காரிக்கும் கொஞ்சம். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் பின்னேரங்களில் ஒன்றாக இருந்து மணிக்கணக்கில் கதைப்பார்கள். என்னதான் கதைக்கிறீர்கள் என்று கேட்டால் மனிசி சொல்லுவா, "உங்களுக்கு விளங்காது. நாங்கள் மைக் இல்லாமல் கதைக்கிறம்."

எங்கள் சங்கம் கூடுவது வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில். அதன் பக்கத்தில் சின்னதாய் ஒரு மயானம். அநேகமான கற்களில் எழுத்து அழிந்துபோயிருக்கும். நவம்பரில், போர்களில் செத்த வீரர்களை நினைத்து எல்லோரும் சட்டையில் சிவப்புப் பூக் குத்திக்கொண்டு திரிகிற நாட்களில் அங்கே ஒரு சின்ன நிகழ்வு நடக்கும். போன நவம்பருக்கு முன் எங்கள் தலைவர் ஒரு புதினத்தோடு வந்தார். அவர் மட்டக்களப்பார், கதையில் எப்போதும் ஒரு "கா" இருக்கும்.

"இந்த முறை ஒவ்வொரு சங்கமும் ஒரு போர்வீரர்ர கல்லைப் பொறுப்பெடுத்து நாலு வார்த்தை பேசோணுமாம்கா. வந்தேறிகளாய் இருந்த வீரர்கள்தான் தலைப்பாம். சீனாக்காரர் ஒண்டு எடுத்துட்டாங்க, பிலிப்பீன்காரர் ஒண்டு எடுத்துட்டாங்க. நமக்கு ஒண்டு மிச்சம் கிடக்காம்."

"எது மிச்சம்?" என்று கேட்டார் பொருளாளர்.

"கடைசியில வேலியோட சரிஞ்சு நிக்கிற கல்லு."

"அதுதானே. நிமிர்ந்த கல்லை எங்களுக்குத் தருவினமோ!"

எல்லோரும் சிரித்தோம். பேசுகிறது ஆர் என்ற கேள்வியே வரவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏற்கெனவே தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிழமை தேவாலயத்தின் வரலாற்றைப் பார்க்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்னைக் கல்லடிக்குக் கூட்டிப்போய்க் கதை சொன்னார். ஆறுதலாய், எனக்கு விளங்கும்படி சொன்னார். கல்லுக்குக் கீழே கிடக்கிறவன் அயர்லாந்தில் பட்டினிக் காலத்தில் பிறந்தவன். சாப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போன ஒரு படையெடுப்பில் போயிருக்கிறான். மலை உச்சியில் ஒரு கோட்டை. இன்னொருவனின் தோளில் ஏறிச் சுவரைத் தாண்டி உள்ளே குதித்த முதல் ஆட்களில் ஒருவன். வீரத்துக்குப் பதக்கம் கிடைத்தது. பிறகு ரொறன்ரோவுக்கு வந்தான். என்ன வேலை செய்தான் என்று கேட்டேன்.

"வாச்மேன்," என்றார் கிழவர். "ஒரு தானியக் களஞ்சியத்தின் வாசலில்."

அந்தச் சொல்லோடு என் மனம் அவனிடம் போய்விட்டது. கோட்டைச் சுவர் ஏறினவன் கடைசியில் ஒரு கதவடியில் குளிரில் நின்றிருக்கிறான். போகிற வருகிற ஒருவருக்கும் அவன் ஆரென்று தெரிந்திருக்காது. வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு பழைய கதை இருக்கும் என்று ஆர் நினைக்கிறார்கள்? என் கட்டிடத்தில் இருந்தவர்கள் என்னை நினைத்தார்களா? அந்தச் சரிந்த கல்லில் கையை வைத்துக்கொண்டு, உன்னை நான் பேசிக் காட்டுகிறேன் பொடியா, என்று மனதுக்குள் சொன்னேன்.

கிழக்கு ஆபிரிக்காவில் எந்த நாடு என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஆட்களைப் பார்த்து, சிறீலங்கா இந்தியாவுக்குள்ளே இருக்கிறதா என்று ஆரும் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனால் நான் கேட்கவில்லை. அது ஆபிரிக்கா, அங்கே ஒரு மலை, மலையில் ஒரு கோட்டை. பேச்சுக்கு அது காணும் என்று இருந்துவிட்டேன்.

பேச்சைக் குசினிக்குள் நடந்து நடந்து கட்டினேன். எங்கள் மேடைப் பேச்சில் ஒரு முறை இருக்கிறது. ஒரு எழுத்தைப் பிடித்தால் அந்த எழுத்திலேயே சொற்களை அடுக்கிக்கொண்டு போகவேண்டும். மோனை சரியாய் விழுந்தால் சனம் தானாய்க் கை தட்டும். கடல், காடு, கோட்டை, கனடா, காவற்காரன், எல்லாம் ககரத்தில் வந்து நின்றன. கோட்டைக்கு முன்னால் ஒரு சொல் குறைந்தது. ஆரின் கோட்டை? அந்த இடத்துக்கும் ககரத்தில் ஒன்று வேண்டும். தேடவே தேவையில்லை, தானாய் வந்து விழுந்தது.

"கடல் கடந்தான், காடு கடந்தான், காட்டுமிராண்டிகளின் கோட்டை கடந்தான், கடைசியில் கனடாவில் காவற்காரனாய்க் கண்மூடினான்!"

எனக்கே மயிர் சிலிர்த்தது. இன்னொருமுறை உரத்துச் சொல்லிப் பார்த்தேன்.

"கத்தாதேங்கோ," என்றா மனிசி வெங்காயம் வெட்டிக்கொண்டு. "அலாம் அடிக்கப்போகுது."

நிகழ்வுக்கு எதிர்வீட்டுக்காரியையும் கூப்பிட்டது நான்தான். குளிருக்குள் நின்று கேட்கிற சனத்துக்குச் சூடாய் ஏதாவது வேண்டுமே என்று மனிசி சொல்ல, சிஸ்ரரின் கோப்பியை விட என்ன வேணும் என்று நான்தான் கதவைத் தட்டினேன். அவவுக்குப் பெரிய சந்தோசம். அன்று காலையிலேயே அவவின் அலாம் கத்தத் தொடங்கிவிட்டது. எத்தனையோ முறை வறுத்தா. நானும் ஓடி ஓடி விசுக்கினேன். பெரிய பெரிய பிளாஸ்குகளைத் தள்ளுவண்டியில் வைத்துக் கட்டி, கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு அவ வந்தா. கோயிலுக்கு மட்டும் உடுக்கிற சால்வை அது. மூன்று பேருமாய் லோரன்ஸ் பஸ் ஏறினோம்.

நான் ஒரு பொன்னாடை கொண்டு போனேன். பொன்னாடைகளின் சங்கதி எங்கள் ஆட்களுக்குத் தெரியும். எனக்குப் போர்த்தினதை நான் இன்னொருவருக்குப் போர்த்துவேன், அவர் வேறொருவருக்குப் போர்த்துவார், சுற்றிச் சுற்றி என்னிடமே திரும்பி வந்ததும் உண்டு. ஆனால் அன்று கொண்டு போனது நான் ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது. என் எழுபதாவது பிறந்தநாளுக்குச் சங்கம் போர்த்தியது, சிவப்பில் தங்கக் கரை. காவற்காரனுக்குக் காவற்காரன் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

மயானத்தில் மழைத்தூறல். முதலில் வெள்ளைக்காரக் கிழவர் இங்கிலீஷில் ஒவ்வொரு கல்லைப் பற்றியும் சுருக்கமாய்ச் சொன்னார். எங்கள் கல்லின் முறை வந்தபோது நான் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பொன்னாடையின் மடிப்பை விரித்துக்கொண்டு, முதல் வரியை வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்றேன். பிறகு மைக் வந்தது.

பேசினேன். எப்போதும் போல நன்றாய்ப் பேசினேன். பக்கத்தில் வங்கியில் வேலை செய்கிற எங்கள் சனத்துப் பிள்ளை ஒருத்தி, சங்கத்துக்கு உதவி செய்கிறவ, வரிக்கு வரி இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தா. கடைசியில் அந்த வரியை எடுத்து, குரலை ஏற்றி, காட்டுமிராண்டிகளின் கோட்டையில் ஒரு இழுப்பு இழுத்து, கண்மூடினான் என்று இறக்கினேன். பிள்ளை வாயைத் திறக்க முதலே எங்கள் சனம் கை தட்டியது. கையுறை போட்ட கைகள், பொத்துப் பொத்தென்று. தலைவர் "ஆஹா" என்றார்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் பிள்ளை பேசவில்லை. என் பக்கம் குனிந்து, "அங்கிள், சீரியஸ்லி, உந்தச் சொல்லை நான் இங்கிலீசில சொல்ல ஏலாது," என்றா.

"எதையாவது சொல்லிவிடு பிள்ளை," என்றேன்.

கடலையும் காட்டையும் எதிரியின் கோட்டையையும் கடந்து கனடாவில் காவலாளியாய் இறந்தார் என்று அவ சொல்லி முடித்தா. வெள்ளைக்காரர் மரியாதைக்குக் கை தட்டினார்கள். நான் கல்லுக்குப் பொன்னாடையைப் போர்த்தினேன். சரிந்த கல் என்றபடியால் அது வழுக்கியது. பொருளாளர் ஒரு ஊசி தந்து, "காத்து அடிக்கும், குத்திவிடுங்கோ," என்றார். குத்திவிட்டேன். எல்லோரும் படம் எடுத்தார்கள்.

எதிர்வீட்டுக்காரி எல்லோருக்கும் கோப்பி ஊற்றினா. எனக்கும் ஊற்றித் தந்தா. "பேச்சு எப்படி, சிஸ்ரர்?" என்று கேட்டேன்.

"நிறையப் பேர் கை தட்டினார்கள்," என்றா.

அதைப் பாராட்டாய் எடுத்துக்கொண்டு நான் அடுத்த கூட்டத்தோடு கதைக்கப் போனேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது. சொன்ன சொல்லை விட, அந்தப் பேப்பர்க் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்புத்தான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

திரும்பிப் போகிறபோது அவ எங்களோடு பஸ் ஏறவில்லை. நடந்து வருகிறேன் என்று தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனா. வெறும் பிளாஸ்குகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது.

பஸ்ஸில் மனிசி யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தா. நான் பேச்சைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். கெனடி வீதி கடந்த பிறகு சொன்னா, "அது அவவின்ர நாடு."

"எது?"

"நீங்கள் கடந்த கோட்டை. அந்த வெள்ளைக்கார அங்கிள் பேர் சொன்னவர். எத்தியோப்பியா எண்டு எனக்கே விளங்கினது. அவர் சொல்லேக்கை அவ என்ர கையைப் பிடிச்சவ. இறுக்கி. பிறகு உங்கட சனம் கை தட்டேக்கை விட்டிட்டா."

"இங்கிலீசில அந்தச் சொல்லு வரேல்லைத்தானே," என்றேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

மனிசி என் பக்கம் திரும்பினா. அவ உரத்துக் கதைக்கிறவ இல்லை. அன்றும் உரத்துக் கதைக்கவில்லை.

"எங்கட மதிலால ஏறிக் குதிச்சு வந்தவனுக்கும் ஆரோ மெடல் குத்தியிருப்பாங்கள். அவனையும் ஒருத்தன் மைக் பிடிச்சுப் பேசியிருப்பான். எங்களை என்னெண்டு சொல்லிப் பேசினவனோ."

மனிசிக்கு ஒரு தம்பி இருந்தான். சண்டைக் காலத்தில் ஆமிக்காரர் மதிலால் குதித்து வந்த அன்று அவன் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றான். கையில் சவர்க்காரம். இவ்வளவுதான் நான் எழுதலாம், மிச்சம் அவவுடையது. நானும் அன்று அந்த வீட்டுக்குள்தான் இருந்தேன், குசினிக் கதவுக்குப் பின்னால். மதிலுக்கு உள்ளே இருந்தவன் நான். உள்ளே இருந்தவனுக்குக் குதிக்கிற சப்பாத்தின் சத்தம் எப்படிக் கேட்கும் என்று தெரிந்தவன். அப்படிப்பட்டவன் மயானத்தில் நின்று குதித்தவனை மோனை போட்டுப் பாடியிருக்கிறேன்.

இரண்டு மூன்று நாளில் பேச்சு வாட்ஸ்அப்பில் ஓடத் தொடங்கிவிட்டது. பொருளாளர் தொலைபேசியில் பிடித்திருந்தார். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் மேளமும் சேர்த்து விட்டிருந்தார்கள். ரெக்ஸ்டேலிலிருந்து முன்பின் தெரியாத ஒரு அண்ணை தொலைபேசி எடுத்தார். "தம்பி, அந்தக் காட்டுமிராண்டி எண்ட இடத்தில ஒரு இழுவை இழுத்தனீர், மனிசன் அழுதுபோவான்!" நான் நன்றி அண்ணை என்றேன். வேறு என்ன சொல்லுகிறது? ஒவ்வொரு பாராட்டுக்கும் நன்றி சொல்லிச் சொல்லித் தொலைபேசியைக் கண்டாலே கை கூசியது.

தலைவரிடம் மெல்லச் சொன்னேன், அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது என்று.

"எந்தச் சொல்லுகா?"

சொன்னேன்.

"விடுங்ககா. அந்தச் சொல்லுத்தானே பேச்சுக்கு உசிரு. எடுத்துட்டா மோனை என்னத்துக்கு ஆகும்?"

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே மோனையைப் பற்றித்தான் கவலைப்பட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குசினிக்குள் நடந்தபோது நானும் அதைப் பற்றித்தான் கவலைப்பட்டிருந்தேன்.

எதிர்வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதாவது, எங்களுக்குத் திறக்கவில்லை. அவ போகிறதும் வருகிறதும் கேட்கும். பின்னேரங்களில் மனிசி தனியத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தா, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு. ஒருநாள் செத்தல் மிளகாய் பொரித்தபோது அலாம் கத்தியது. மனிசி கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசல் பக்கம் பார்த்தா. நானும் பார்த்தேன். வழக்கமாய் இந்த நேரத்துக்குத் துவாயோடு வந்து நிற்பா. அலாம் கத்திக்கொண்டே இருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி நின்று விசுக்கினேன். கை உளைந்தது. அவ்வளவு நேரம் அது கத்துமென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நின்ற பிறகு மனிசி சொன்னா, "நீங்கள்தான் போகவேணும்."

"நீரும் வாருமன்."

"நானோ பேசினனான்?"

அடுத்த நாள் மத்தியானம் நான் போனது எதிர்வீட்டுக்கு இல்லை. வெளிக்கிட்ட கால் பஸ் தரிப்புக்குப் போய்விட்டது. அந்தக் கிழமை முழுக்க பஸ்ஸில் தேவாலயத்தைக் கடக்கும்போது வேலியோரத்தில் ஒரு சிவப்புத் துண்டு தெரிந்துகொண்டிருந்தது. அதை அங்கே விட்டுவிட்டு அவவின் கதவைத் தட்ட எனக்குக் கை வராது என்று தோன்றியது.

பொன்னாடை மழையில் நனைந்து இரவுக் குளிரில் விறைத்துப்போயிருந்தது. ஊசியைக் கழற்றினேன். இழுத்தபோது கல்லில் ஒட்டியிருந்த இடம் சரசரவென்று பிரிந்தது. சிவப்புச் சாயம் இறங்கி அவன் பெயருக்கு மேலால் ஓடியிருந்தது. சட்டைப்பையில் இருந்த லேஞ்சியால் துடைத்தேன், முழுக்கப் போகவில்லை. அந்தப் பொடியன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பட்டினியில் பிறந்து, ஆரோ ஏறு என்று சொல்ல ஏறினவன். அவனையும்தான் நான் கெடுத்துவிட்டேன். அவன் வாசலில் நின்ற கதையை மட்டும் பேசியிருந்தால் காணும். என்னைப் போல ஒருவன் என்று சொல்லி நிறுத்தியிருந்தால் காணும்.

பொன்னாடையை ஒரு கடைப் பையில் திணித்துக்கொண்டு வந்தேன். எங்கள் மாடியில் லிஃப்டால் இறங்கும்போது அவ குப்பைப் பையோடு வெளியே வந்தா. ஒளிக்க இடமில்லை. இரண்டு பேரும் நின்றோம். அவ குப்பையைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வா," என்றா. பிரதர் என்று சொல்லவில்லை.

உள்ளே கோப்பி ஏற்கெனவே கறுத்த மண் கூசாவில் இருந்தது. அவர்களின் கோப்பி மூன்று முறை வரும். முதலாவது கடுமையாய், பிறகு அதே மண்டியில் தண்ணீர் விட்டு இரண்டாவது, மூன்றாவது. முதலாவதோடு எழும்பிப் போகிறது மரியாதை இல்லை. பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் எனக்கு முதலாவதை ஊற்றினா. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"பொறு," என்றா. "நீ என்ன சொன்னாய் என்று சொல்."

"அந்தப் பிள்ளை சொன்னாதானே..."

"அந்தப் பிள்ளை சொல்ல முதல் உங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். பிள்ளை நின்றா, உன்னோடு கதைத்தா, பிறகு வேறென்னவோ சொன்னா. எல்லோருக்கும் நான் கோப்பி ஊற்றினேன். எதற்குக் கை தட்டினார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்."

உண்மையைச் சொல்கிறேன், பிள்ளை சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எதிரி, என்று. அவவுக்குத் தமிழ் தெரியாது. எங்கள் சனத்தில் ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை. அந்தச் சொல்லின் இங்கிலீஷ் எனக்குத் தெரியாது என்று சொன்னாலும் நம்புவா. ஆனால் அது தெரியும். வந்த புதிதில் குளிரில் தலையை மூடிக்கட்டிக்கொண்டு பஸ்ஸில் இருந்தபோது ஒருவன் என்னைப் பார்த்துச் சொன்ன சொல் அது. வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்துப் படித்தேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வரியைத் தொடக்கத்திலிருந்து இங்கிலீஷில் சொன்னேன். கடல் கடந்தான். காடு கடந்தான். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னேன். மோனை இல்லாமல், இழுவை இல்லாமல், அந்தச் சின்ன வரவேற்பறையில், அவவின் முகத்துக்கு முன்னால். இழுத்துச் சொல்லும்போது ஒரு மைதானம் முழுக்கப் போகிற சொல், மெல்லச் சொல்லும்போது போக இடமில்லாமல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது.

அவ தலையை ஆட்டினா. ஊகித்திருந்திருப்பா.

"அந்தக் கோட்டைக் கதையை என் அப்பா இருந்துகொண்டு சொல்லமாட்டார். எழும்பி நின்றுதான் சொல்லுவார்," என்றா. "கோட்டைக்குள் இருந்த எங்கள் அரசன் நல்லவன் இல்லை என்றும் சொல்லுவார். எங்கள் ஆட்களையே நிறையக் கொன்றவன். ஆனால் பிடிபடமாட்டேன் என்று தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். பிறகு, படையோடு வந்தவர்கள் தேவாலயத்துப் புத்தகங்களை யானையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அரசனின் மகனையும் கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளை. திரும்பி வரவே இல்லை. அப்பா அந்தப் பிள்ளையின் கதைக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்."

நான் அவசரப்பட்டேன். எங்களுக்கும் அப்படி நடந்தது, ஆமி, மதில், என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தொடங்கினேன். அவ கையைத் தூக்கினா.

"தெரியும். உன் மனைவி எனக்குச் சொல்லியிருக்கிறா. தம்பி. சவர்க்காரம்." தன் கையைக் குவித்துக் காட்டினா, மனிசி காட்டியிருப்பா போல. "அதனால்தான் எனக்கு விளங்கவில்லை."

எழுபது வயதுக்கு மேல் ஒரு மனிசன் பிறத்தியார் வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறது வடிவான காட்சி இல்லை. அவ கூசாவுக்குள் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்தா. எனக்காக வைத்தாவா, தொடங்கினதை நடுவில் விடக்கூடாது என்று வைத்தாவா, தெரியாது. இரண்டாவதை ஊற்றித் தந்தா. குடித்தேன்.

அப்போதுதான் அவ தரையைப் பார்த்தா. என் காலடியில் பையிலிருந்து தண்ணீர் கசிந்து, இளஞ்சிவப்பாய் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னாடை வீட்டுச் சூட்டில் இளகத் தொடங்கியிருந்தது. அவ பையின் வாயை விரித்துப் பார்த்தா. கல்லில் குத்தியிருந்த துணி என்று கண்டிருக்க வேண்டும். குசினிக்குப் போய், அலாமுக்கு விசுக்குகிற அந்தத் துவாயை எடுத்துக்கொண்டு வந்து, மடித்துப் பைக்குக் கீழே வைத்தா.

"உன் மனைவியைக் கூப்பிடு," என்றா. "மூன்றாவது அவவுக்கு."

நான் கதவைத் திறந்து கூப்பிட்டேன். மனிசி வீட்டுச் செருப்போடு வந்தா, அடுத்த அறையில் இருந்து வருகிறமாதிரி. என்னைப் பார்க்கவில்லை. நேரே போய்த் தன் வழக்கமான இடத்தில் இருந்தா. எதிர்வீட்டுக்காரி அவவுக்கு ஊற்றினா, தனக்கும் ஊற்றினா. பிறகு மனிசி எதையோ கையால் காட்டினா, மற்றவ சிரிக்காமல் தலையாட்டினா, பதிலுக்குத் தானும் எதையோ காட்டினா.

என் கிண்ணம் வெறுமையாய் இருந்தது. எழும்பிப் போகச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை, இருக்கச் சொல்லியும் சொல்லவில்லை. வாசல் பக்கக் கதிரையில் இருந்தேன், பழைய வேலையில் இருந்தமாதிரி. துவாயில் சிவப்பு மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

தலைவர் நேற்றும் தொலைபேசி எடுத்தார். வருகிற நவம்பருக்கும் நான்தானாம். கல்லை நிமிர்த்தப்போகிறார்களாம், போன முறையை விட நல்லாய்ச் செய்யவேணுமாம். நான் மறுக்கவில்லை. பேசத்தான் போகிறேன், ஏனென்றால் எதிர்வீட்டுக்காரி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறா. கோப்பி கொண்டுவரமாட்டாவாம். முன்வரிசையில் இருந்து கேட்பாவாம். குசினிக்குள் நடந்து பார்க்கிறேன். மனிசி வெங்காயம் வெட்டிக்கொண்டு காதைக் கொடுத்தபடி நிற்கிறா. இன்னும் முதல் வரி வரவில்லை.